காய்ந்த செடிக்கு எதற்கு அலமாரி? அறிவியல் தொகுப்புகள், தரவுத்தளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி மாணவர்களுக்குத் தாவரவியல் கற்பித்தேன். ஓய்வு பெற்றபின் கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளிலும் மீனவர் கிராமங்களிலும் பேசப் போகிறேன். எங்கே போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். மாணவர்கள் கேட்டவை, தலைமையாசிரியர்கள் கேட்டவை, வலை பின்னிக்கொண்டே ஒரு பெரியவர் கேட்டவை, கணக்குத் தணிக்கைக்கு வந்தவர் கேட்டவை எல்லாம் கீழே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன்.

அறிவியல் தொகுப்பு என்றால் என்ன?

செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி அட்டையில் தைத்த செடி, ஸ்பிரிட்டில் ஊறும் மீன், பஞ்சு அடைத்த பறவைத் தோல், மகரந்தத் தூள் ஒட்டிய கண்ணாடிச் சில்லு, விதை, கல்லாகிப் போன மரம் என எதுவாகவும் இருக்கலாம். அதோடு ஒரு சீட்டு இருக்க வேண்டும். எங்கே, எப்போது, யார் எடுத்தார் என்ற மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். சீட்டு இருந்தால் அது சான்று. சீட்டு போய்விட்டால் அதே செடி அலங்காரப் பொருள். ஆயிரக்கணக்கான சீட்டுகளைக் கணினியில் ஏற்றி, தேடக்கூடியதாக ஆக்கினால் அது தரவுத்தளம்.

நம் பக்கத்தில் அப்படி ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. புதுச்சேரி கடற்கரைக்கு அருகே செயின்ட் லூயி வீதியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் தொடங்கியது. அங்கே சைவ ஆகமச் சுவடிகள் இருப்பது பலருக்குத் தெரியும். புதுச்சேரியின் சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதே கட்டடத்தில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட உலர் தாவரத் தாள்கள் இருப்பது உள்ளூர்க்காரர்களில் பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் நம் கடற்கரைக் காடுகளிலிருந்தும் சேர்த்தவை அவை. மகரந்தக் கண்ணாடிச் சில்லுகளின் பெரிய தொகுப்பு ஒன்றும் அங்கே உண்டு. அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் மகரந்தவியல் அறிஞர் தணிகைமணி. 1986 செப்டம்பரில் கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் அவர் உயிரிழந்தார். சேற்றில் புதைந்திருக்கும் பழைய மகரந்தம் எந்தச் செடியுடையது என்று சொல்ல, அடையாளம் தெரிந்த மகரந்தத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு இத்தகைய சில்லுகள்தான் ஆதாரம்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தருகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. 1960-களிலிருந்து அங்கே ஆய்வு நடக்கிறது, கடல் உயிரிகளின் காட்சியகமும் உண்டு. பிச்சாவரம் சுரபுன்னைகளில் ஒன்றின் அறிவியல் பெயர் ரைசோஃபோரா அண்ணாமலையானா. அது இரண்டு சுரபுன்னை இனங்களின் கலப்பு. முதலில் அதை வேறொரு கலப்பினம் என்றே கருதினார்கள். மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தனிப்பெயர் கிடைத்தது.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போனால் சுமார் 2 கோடி ஆண்டுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடப்பதைப் பார்க்கலாம். அவை கிடக்கும் பாறைப் படிவத்துக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே கடலூர் மணற்கல்தான்.

இதெல்லாம் வெளிநாட்டார் வேலை. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

வயல் வரப்பில் கூவும் கௌதாரியின் அறிவியல் பெயரில் 'பாண்டிசேரியானஸ்' என்ற சொல் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொனரா அந்தப் பறவையைப் பற்றி எழுதி வைத்தார். அதைப் படித்த ஜெர்மானியர் ஜிமெலின் 1789-இல் பெயரிட்டார். மணல் மேட்டில் தொண்டையை விசிறி போல விரித்து ஆடும் ஓணானுக்கு 1829-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே வைத்த பெயர் சிட்டானா பொன்டிசேரியானா. நம் மண்ணில் திரியும் உயிர்கள் நம் ஊரின் பெயரோடு உலகமெங்கும் அறியப்படுகின்றன. அந்தப் பெயர்களுக்குச் சான்றான பழைய மாதிரிகள் பல பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவை நமக்கு மிகவும் சம்பந்தப்பட்டவை என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஓணான் கதை 1829-இல் முடியவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஒரே இனம் என்று எண்ணியிருந்தவற்றை 2016-இல் இந்திய ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். பல இனங்கள் கலந்து கிடந்தது தெரிந்தது. புதிய இனம் ஒன்றை அறிவிக்க வேண்டுமானால் பழைய இனம் எது என்று முதலில் உறுதியாகத் தெரிய வேண்டும். அதற்குப் பழைய மாதிரிகளைத்தான் பார்த்தாக வேண்டும். அப்போது பிரிந்து வந்த தமிழ்நாட்டு இனம் ஒன்றின் பெயர் சிட்டானா விசிறி. பனையோலை விசிறியை மனத்தில் வைத்து இட்ட தமிழ்ப் பெயர். நம்மவர் வைத்த பெயர் என்று வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்களின் முகம் மலரும்.

புதுச்சேரி சுறா என்று ஒன்று உண்டாமே? எங்கள் வலையில் அப்படி எதுவும் வந்ததில்லையே?

தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவப் பெரியவர் கேட்ட கேள்வி இது. இதற்கு நீண்ட பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வரும் எல்லாமே இந்த ஒரு மீனில் அடங்கியிருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து போன மாதிரியை வைத்து 1839-இல் மியூலர், ஹென்லே என்ற இரு ஜெர்மானிய அறிஞர்களின் நூலில் இந்தச் சுறா அறிமுகமானது. கார்காரைனஸ் ஹெமியோடான் என்பது இன்றைய பெயர். சிறிய சுறாதான். பக்கத் துடுப்பிலும் முதுகின் இரண்டாம் துடுப்பிலும் வால் துடுப்பின் கீழ் மடலிலும் கருநுனி இருக்கும். கருநுனி கொண்ட சுறாக்கள் வேறு பலவும் உண்டு என்பதால் ஏலத் தளத்தில் பார்த்த மாத்திரத்தில் இனம் பிரிப்பது கடினம். பல்லைப் பார்க்க வேண்டும், துடுப்புகளின் இடைவெளியை அளக்க வேண்டும்.

உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இந்தச் சுறாவின் மாதிரிகள் இருபதுக்கும் குறைவு. 1979-க்குப் பிறகு உறுதியான மாதிரி ஆய்வாளர் கைக்கு வரவில்லை என்பதே பரவலாக ஏற்கப்பட்ட நிலை. பார்த்ததாகச் செய்திகள் அவ்வப்போது வருகின்றன. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மிக அருகிவிட்ட இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. நம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது புலிக்குள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு.

இப்போது யோசித்துப் பாருங்கள். நாளைக் காலை கடலூர் துறைமுகத்திலோ தேங்காய்த்திட்டிலோ ஒருவர் வலையில் அந்தச் சுறா வந்தால், அதுதான் என்று எப்படி நிரூபிப்பது? அந்த இருபதுக்கும் குறைவான புட்டி மீன்களோடு ஒப்பிட்டுத்தான். அவை இல்லையென்றால் அந்த மீன் மறைந்துவிட்டது என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது. கூறு கட்டி விற்றிருப்போம், கருவாடாகவும் போயிருக்கும், பேச்சு எழுந்திருக்காது.

இதற்கு இணையான இன்னொரு நிகழ்ச்சி உண்டு. தென்சீனக் கடல் பகுதியில் பிடித்து அருங்காட்சியகங்களில் வைத்திருந்த மூன்றே மூன்று சுறா மாதிரிகளை மறுபடி ஆராய்ந்து, அவை தனி இனம் என்று 2019-இல் அறிவித்தார்கள். அந்த இனம் கடைசியாகப் பதிவானது 1934-இல். பெயர் வைக்கும் முன்பே கடலிலிருந்து போய்விட்டிருக்கலாம். அப்படி ஒரு மீன் இருந்ததற்குச் சாட்சி அந்த மூன்று மாதிரிகள் மட்டுமே.

பெரியவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பா காலத்துப் பெயர்கள் சிலவற்றுக்கு இப்போ மீனே இல்லை" என்றார். அந்தப் பெயர்களை எழுதி வைக்க வேண்டும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது. எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

கையில் செல்பேசி இருக்கிறது. படம் எடுத்தால் போதாதா?

படம் நல்லது. நிறைய எடுங்கள், இடத்தையும் நாளையும் சேர்த்துப் பதிவேற்றுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பங்கேற்று 2008-இல் தொடங்கிய இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்கள் அதற்காகவே இருக்கின்றன. பறவைகளுக்குப் படமும் குறிப்புமே பெரும்பாலும் போதும்.

படத்திடம் கேட்க முடியாத கேள்விகளும் உண்டு. வயிற்றில் என்ன இருந்தது? இறகில் பாதரசம் எவ்வளவு? மரபணு என்ன சொல்கிறது? அட்லாண்டிக் கடற்பறவைகளின் பழைய அருங்காட்சியகத் தோல்களிலிருந்து இறகு எடுத்து, நூறாண்டில் பாதரசம் எவ்வளவு ஏறியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1960-களில் உப்பனாற்று மடவை மீன் பத்தை எவரேனும் சீட்டோடு புட்டியில் போட்டு வைத்திருந்தால், தொழிற்பேட்டை வருவதற்கு முன் அந்த ஆறு எப்படி இருந்தது என்று இன்று மீனிடமே கேட்டிருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கம்தான்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால், பழைய தாள்களை அகற்றி அறையை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாமே?

கூடாது. இதைக் கேட்டவர்மீது எனக்குக் கோபமில்லை, கட்டடத்தில் இடமில்லாத கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் பதில் கூடாது என்பதுதான்.

1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும்பஞ்சம் வந்தது. சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். நோய் தாக்கிய இலைகளை அந்தக் காலத்தவர் உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்தார்கள். மரபணு என்ற சொல்லே அப்போது கிடையாது. 2013-இல் அத்தகைய பழைய இலைகளிலிருந்து அந்த நோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். அதுவரை நினைத்திருந்த வகை அல்ல, வேறொரு வகை என்று தெரிந்தது. அந்த இலைகளைப் படமெடுத்துவிட்டுக் குப்பையில் போட்டிருந்தால்? அடுத்த நூறாண்டில் என்ன கருவி வரும், என்ன கேள்வி வரும் என்று நம்மில் யாருக்குத் தெரியும்?

உயிர்களைக் கொன்று சேர்ப்பது பாவம் இல்லையா?

நியாயமான கேள்வி. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. தேவையில்லாமல் எடுக்கக் கூடாது, அரிய இனத்தைத் தொடவே கூடாது என்பது என் நிலை. ஏற்கெனவே எடுத்து வைத்தவற்றை நன்றாகக் காப்பாற்றினால் மறுபடி எடுக்க வேண்டிய தேவை குறையும். ஏலத்தில் கிடைக்கும் மீன், சாலையில் அடிபட்ட பாம்பு, கண்ணாடியில் மோதி விழுந்த பறவை இவையும் மாதிரிகள்தான். அவற்றையும் உரிய நிறுவனம் வழியாகவே சேர்க்க வேண்டும்.

விவசாயிக்கு, சாதாரண மனிதருக்கு இதனால் என்ன லாபம்?

சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் வயது முதிர்ந்த விவசாயிகளுக்கு ஐ.ஆர். நெல் ரகங்கள் நினைவிருக்கும். 1970-களில் புகையான் பூச்சி வழியாக ஒரு வைரஸ் பரவி, நெற்பயிரைப் புல் போலக் குட்டையாக்கியது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியில் 6,000-க்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த நோயைத் தாங்கியது ஒரே ஒரு காட்டு நெல். உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்து அனுப்பிய ஒரைசா நிவாரா அது. யாரும் உண்ணாத, களை என்று பிடுங்கி எறியும் நெல். ஐ.ஆர். 36 உட்படப் பல ரகங்களுக்குள் அதன் எதிர்ப்பாற்றல் போய்ச் சேர்ந்தது. சேகரித்தவருக்கு அன்று இந்த நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. சேகரித்தார், சீட்டு எழுதினார், அனுப்பினார். அவ்வளவுதான்.

முட்டை ஓட்டின் கதையும் அப்படியே. பைரி என்னும் வல்லூறு கூட்டில் முட்டைகள் உடைந்துபோவது ஏன் என்று 1960-களில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தார்கள். பொழுதுபோக்காகப் பலர் சேர்த்து வைத்திருந்த பழைய முட்டை ஓடுகளை எடை போட்டபோது, 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்தது தெரிந்தது. டி.டி.டி. பூச்சிமருந்து பரவலான காலமும் அதுவே. 1972-இல் அமெரிக்கா அதைப் பயிருக்குத் தடை செய்ததற்கு இந்த ஓடுகளும் ஒரு காரணம்.

நம் கரையில் நடந்ததையும் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டைக் கரையோர 18 குக்கிராமங்களில் எடுத்த கணக்கை வைத்து, அலையாத்திக் காடு இருந்த இடங்களில் சேதம் குறைந்தது என்று 2005-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. அடுத்த ஆண்டே வேறு சில ஆய்வாளர்கள் அதே எண்களை மறுபடி கணக்கிட்டு, கிராமம் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதுதான் பெரும்பங்கு வகித்தது என்று வாதிட்டார்கள். யார் சொன்னது சரி என்று இங்கே தீர்ப்பு சொல்லப் போவதில்லை. முதல் கட்டுரையில் எண்களை ஒளிக்காமல் கொடுத்திருந்ததால்தான் இரண்டாவது கட்டுரை பிறந்தது என்பதைக் கவனியுங்கள். மீனவர் குடியிருப்பை எங்கே அமைப்பது என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. தரவைத் திறந்து வைப்பது உயிர் காக்கும் வேலை.

"ஆண்டுக்கு எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள்?" என்று தணிக்கையில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

தொகுப்பைப் பராமரிக்கும் ஒவ்வொருவரையும் வாட்டும் கேள்வி இது. பொருட்காட்சிக்குக் கேட்க வேண்டிய கேள்வியை ஆவணக் காப்பறையிடம் கேட்கிறார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் நம் தாத்தா காலத்துப் பத்திரத்தைச் சென்ற ஆண்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை, ஏனென்றால் வழக்கு வரும் நாளில் அது வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் இப்படிச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கவும் முடியாது. பணம் கொடுப்பவருக்குக் கணக்குக் காட்டுவது நம் கடமை. எதை எண்ணுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எந்தெந்த ஆய்வுக் கட்டுரையில் உங்கள் மாதிரியின் எண் வந்திருக்கிறது? எத்தனை தாள்கள் இரவலாகப் போய்த் திரும்பின? இணையத்தில் ஏற்றிய தரவை எத்தனை ஆய்வுகள் எடுத்தாண்டன? மூல மாதிரிகள், அதாவது ஓர் இனத்துக்குப் பெயர் வைத்தபோது ஆதாரமாகக் கொண்டவை, உங்களிடம் எத்தனை? இவற்றுக்கு ஒரு பதிவேடு போடுங்கள். அதை எழுத வாரம் ஒரு மணி நேரம் போதும். பத்து ஆண்டு கழித்து அந்தப் பதிவேடுதான் உங்கள் அலமாரியைக் காப்பாற்றும்.

பெரிய அளவில் பணக் கணக்கும் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய உயிரித்தகவலியல் நிறுவனத்தின் மரபணு, புரதத் தரவுத்தளங்கள் பற்றி 2016-இல் வந்த மதிப்பீடு, அவற்றை நடத்த ஆகும் செலவைவிட 20 மடங்குக்கும் மேல் பயனர்களுக்கு நன்மை என்றது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத் தொகுப்பைக் கணினியில் ஏற்றினால் செலவைப் போல் 7 முதல் 10 மடங்கு பலன் வரும் என்று 2021-இல் கணக்கிட்டார்கள். இத்தகைய கணக்கை நான் முழுவதும் நம்பிச் சாய்வதில்லை, புதுச்சேரி சுறாவுக்கு என்ன விலை போடுவது? இருந்தாலும் நிதித்துறை மேசையில் வைக்க இவை உதவும்.

நான் ஆய்வு மாணவி. தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பயன்படுத்துகிறேன். நான் செய்ய வேண்டியது என்ன?

மாதிரியின் எண்ணை எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும் என்றால் அது இதுதான், மகளே.

"இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது" என்று பல ஆய்வேடுகளில் பார்க்கிறேன். மனம் நோகிறது. அந்த ஒரு புள்ளிக்குப் பின்னால் வெயிலில் நடந்து செடி பறித்தவர், இரவில் தாள் மாற்றியவர், சீட்டு எழுதியவர், முப்பது ஆண்டு வண்டு அரிக்காமல் பார்த்துக்கொண்ட ஊழியர், கணினியில் தட்டச்சு செய்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். நீங்கள் எண்ணை எழுதாவிட்டால் அவர்களில் ஒருவரது உழைப்பும் கணக்கில் வராது. அடுத்த நிதியாண்டில் அந்த ஊழியரின் பணியிடமே போய்விடலாம்.

உலர் தாவரத் தாளாக இருந்தால் நிறுவனத்தின் சுருக்கக் குறியும் தாள் எண்ணும் எழுத வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கு எச்.ஐ.எஃப்.பி. என்பது குறி. ஜி.பி.ஐ.எஃப். என்று அழைக்கப்படும் உலகப் பல்லுயிர்த் தகவல் அமைப்பு 2001-இல் தொடங்கியது, இப்போது 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை இலவசமாகத் தருகிறது. அதிலிருந்து தரவிறக்கினால் உங்கள் தரவிறக்கத்துக்கென்றே டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண் ஒன்று கிடைக்கும். கட்டுரையில் அதை எழுதினால் யார் கொடுத்த தரவு எங்கே பயன்பட்டது என்று தானாகத் தடம் பிடிக்கிறார்கள். கட்டுரை வெளிவந்ததும் தொகுப்பு இருக்கும் நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதைப் பெறும் ஊழியருக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தரவுத்தளத்தில் தவறுகள் இருக்குமே, நம்பலாமா?

இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதிலும் நம் பகுதிக்குச் சிக்கல் கூடுதல்.

முதலில் பெயர்ச் சிக்கல். பாண்டிச்சேரி, புதுச்சேரி, பாண்டி என்று மூன்று பெயர், பிரெஞ்சு எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று. பரங்கிப்பேட்டை பழைய சீட்டுகளில் போர்ட்டோ நோவோ. கடலூரின் பழைய பெயர் கூடலூர். நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருக்கிறது. கவனிக்காமல் வரைபடத்தில் குத்தினால் நம் கெடிலக் கரைச் செடி ஊட்டிக்கு மேற்கே மலைக்காட்டில் போய் முளைத்துவிடும்.

அடுத்தது எல்லைச் சிக்கல். 'புதுச்சேரி' என்று மட்டும் இருக்கும் பதிவு ஒன்றியப் பிரதேசத்தைக் குறிக்கிறதா, ஊரைக் குறிக்கிறதா? ஒன்றியப் பிரதேசம் என்றால் மாஹே மலையாளக் கரையில், யானம் கோதாவரி முகத்தில். மேற்குக் கரைத் தவளை கிழக்குக் கரையில் இருப்பதாகத் தரவுத்தளம் சொன்னால் முதலில் மாஹேயைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, பழைய சீட்டில் உள்ள ஊர் பிடித்த ஊர்தானா, கப்பல் ஏறிய ஊரா? புதுச்சேரி துறைமுகம். உள்நாட்டில் எங்கோ எடுத்தது இங்கிருந்து கப்பலேறினால் சீட்டில் புதுச்சேரி என்றே எழுதியிருப்பார்கள். சொனரா எழுதியவற்றிலேயே இதைவிடப் பெரிய தவறு உண்டு. ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தியை நியூகினிப் பறவை என்று எழுதிவிட்டார். இன்றுவரை அதன் அறிவியல் பெயரில் நியூகினி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தவறு கண்டால் தளத்துக்கு எழுதிச் சொல்லுங்கள். சரிபார்க்க மூலத் தாள் இருக்கிறது என்பதால்தான் திருத்தவே முடிகிறது. தாளை அகற்றக் கூடாது என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு முக்கியமானவை என்றால் அழிவதுண்டா?

தீயில் அழிகின்றன. 2016 ஏப்ரல் 26 அன்று டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் எரிந்தது. 2018 செப்டம்பர் 2 இரவு பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. சுமார் 2 கோடிப் பொருட்கள் இருந்த இடம், பெரும்பகுதி சாம்பல்.

தீயில்லாமலும் அழிகின்றன. நான் அறிந்த ஒரு கல்லூரியில் வெள்ளையடிப்பதற்காக அறையைக் காலி செய்தபோது, நாற்பது ஆண்டு காலம் சேர்த்த தாவரத் தாள்களைப் பின்வாசலில் அடுக்கினார்கள். அன்று இரவு மழை. விஷயம் தெரிந்து நான் போவதற்குள் ஒரு கட்டு தவிர மற்றவை ஊறிப் போயிருந்தன. தப்பிய கட்டில் வீரை, காசா, காட்டு எலுமிச்சை எனக் கோயில் காட்டு மரங்களின் தாள்கள். அவற்றில் இரண்டு தாள்களில் எழுதியிருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். காடு இல்லை, முந்திரித் தோப்பும் வீட்டுமனைக் கற்களும் இருந்தன. அந்த இடத்தில் வீரை நின்றது என்பதற்கு என் கையில் இருந்த தாள் ஒன்றே சான்று. நம் கடற்கரையோரத்தில் கோயில் காடுகளாக மிஞ்சியிருக்கும் வறள் பசுமைமாறாக் காடுகள் எப்படிச் சுருங்கின என்று எழுத நினைப்பவருக்கு அந்த ஊறிப்போன கட்டுகள் எவ்வளவு பயன்பட்டிருக்கும்!

யார்மீதும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் தாள்கள் என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாதது எங்களைப் போன்ற ஆசிரியர்களின் குறை.

நானே சேகரிக்கலாமா?

சொந்த நிலத்துப் பொதுவான செடிகளைப் பள்ளிக்காகச் சேகரிக்கலாம். காட்டில் வனத்துறை அனுமதி வேண்டும், கோயில் காட்டில் ஊராரைக் கேட்க வேண்டும். விலங்குகளுக்குச் சட்டம் கடுமையானது. புதிய இனம் ஒன்றைக் கண்டறிந்தால், 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி அதை அரசு அறிவித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும்.

வீட்டில் தாத்தா காலத்து வேளா மீன் கொம்பு இருக்கிறது. என்ன செய்வது?

விற்காதீர்கள். வேளாச் சுறா முதல் அட்டவணையில் உள்ள உயிர், அதன் கொம்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். சங்ககாலப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பழம்பாடலில் படிக்கிறோம். இன்று அந்த மீனே அரிதாகிவிட்டது. வெளிநாடுகளில் பழைய கொம்புகளிலிருந்து மரபணு எடுத்து, வேளா எங்கெங்கே எத்தனை வகையாக இருந்தது என்று அறிகிறார்கள். வனத்துறையிடமோ கடல் உயிரியல் ஆய்வாளரிடமோ சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்தத் துறையில், எந்த வலையில் வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். அவர்கள் போய்விட்டால் சீட்டு போய்விட்டது என்று பொருள்.

எங்கள் பள்ளி அலமாரியில் பழைய புட்டிகளும் தாள்களும் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

எதையும் தூக்கிப் போடாமல் தொடங்குங்கள். முதலில் ஒவ்வொன்றையும் சீட்டோடு படமெடுங்கள். ஸ்பிரிட் வற்றிய புட்டிகளைத் தனியாக வையுங்கள், ஆய்வக உதவியாளர் இல்லாமல் திறக்க வேண்டாம், உள்ளே ஃபார்மலின் இருக்கலாம். பழைய தாள்களில் பூச்சி அரிக்காமலிருக்கப் பாதரச உப்பு தடவியிருப்பார்கள், கையுறை போட்டுத் தொடுங்கள், மாணவர்களைத் தொட விடாதீர்கள். ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். வெறும் பாச்சை உருண்டையை மட்டும் நம்பாதீர்கள். சந்தேகப்படும் தாளை நன்றாக மூடிக் கட்டி ஒரு வாரம் கடுங்குளிர்ப் பெட்டியில் வைத்து எடுத்தால் வண்டு சாகும்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, சீட்டில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தாமல் எழுதுங்கள். ஊரின் இன்றைய பெயரை அடுத்த கட்டத்தில் தனியாக எழுதலாம். செடியின் பெயர் தவறு என்று தோன்றினாலும் பழைய சீட்டைக் கிழிக்காதீர்கள். உங்கள் கருத்தைப் புதிய சீட்டில் தேதியும் கையெழுத்தும் போட்டு எழுதி, பழைய சீட்டின் பக்கத்தில் ஒட்டுங்கள்.